கள்வனைத் துரத்தும் உரிமை



தன் வீட்டிற் புகுந்த கள்வனைக் கையும் களவுமாகப் பிடித்தவன் அவனை அடக்கிக் கட்டிவைக்கலாம். அதனை ஒருவரும் குற்றமென்று சொல்லார். கள்வன் வேலி பாய்ந்து ஓடினால், அயலாரைக் கூவி அழைத்துக்கொண்டு சிறிது தூரம் துரத்திச் செல்லவும் செய்யலாம். ஆனால் மறுநாட் காலை, 'தெருக்கோடியில் இருப்பவனாகத்தான் இருக்கவேண்டும்' என்று மனத்திலே ஓர் எண்ணம் எழ, அந்த எண்ணம் ஒன்றையே துணையாகக் கொண்டு, தெருக்கோடி வீட்டின் கதவை உடைத்து உட்சென்று, பெட்டிகளைக் கிளறி, அடுப்பையும் இடித்துப்போட்டு வருகின்றவனை நாம் என்னவென்று அழைப்பது? முதல் நாள் அவன் களவு கொடுத்தவன். இரண்டாம் நாள் அவன் யார்?

பழைய கேள்விதான். ஆனால் கணினி வந்தபின் அது புதிய உருவம் எடுத்திருக்கிறது. வங்கிகளும் மருத்துவமனைகளும் அரசாங்க அலுவலகங்களும் இன்று கணினிகளை நம்பியே நடைபெறுகின்றன. அவற்றுள்ளே கள்ளவழியாகப் புகுந்து தகவல்களைத் திருடுவோரும், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்போரும், பிறர் உழைத்து ஆக்கிய இசையையும் திரைப்படத்தையும் களவாகப் பிரதிசெய்து பரப்புவோரும் பெருகிவிட்டனர். இவர்களால் இழப்புற்றவர்களுள் ஒருசாரார், 'அவன் எங்கள் கணினியுட் புகுந்தான். நாங்களும் அவன் கணினியுட் புகுவோம். அவன் எடுத்ததை அழிப்போம். வேண்டுமானால் அவனுடைய இயந்திரத்தையே முடக்குவோம்' என்கின்றனர். ஆங்கிலத்திலே இதற்கு 'ஹக் பக்' என்று ஒரு பெயர் வழங்குகிறது. நாம் இதனை எதிர் ஊடுருவல் என்று சொல்லிக்கொள்வோம். அது நியாயமாகுமா என்பதே இன்றைய உரைக்குரிய பொருள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இழந்தவனுடைய கோபம் பொய்க் கோபமன்று. ஆண்டுக்கணக்கில் உழைத்து ஒரு பாட்டை அமைத்தவன், அது ஓர் இரவிலே ஆயிரக்கணக்கானோர் கைக்குக் காசின்றிச் சென்றதைக் காணும்போது அடையும் வேதனையை நாம் இலேசாகப் பேசிவிடக்கூடாது. எங்கள் மாணவர்களும், ஏன், ஆசிரியர்களுந்தான், களவாக வந்த படத்தைப் பார்ப்பதைக் களவென்று எண்ணுவதேயில்லை. இது வேறோர் உரைக்குரிய பொருள், இங்கே விட்டுவிடுகிறேன்.

இந்தக் கோபம் 2002 ஆம் ஆண்டிலே அமெரிக்கக் காங்கிரசின் வாசலுக்கே வந்தது. கலிபோர்ணியாவைச் சேர்ந்த ஹவார்ட் பேர்மன் என்னும் உறுப்பினர், பதிப்புரிமை பெற்றவர்கள் களவுப் பிரதிகள் பரிமாறப்படும் கணினி வலையமைப்புகளைத் தாமே தடைசெய்து இடர்ப்படுத்துவதற்கு இடமளிக்கும் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. அடுத்த ஆண்டு ஜூன் மாதத்திலே, மேற்சபையின் நீதித்துறைக் குழுவின் தலைவராக இருந்த ஒரின் ஹட்ச் என்பவர் இன்னும் ஒருபடி மேலே சென்றார். களவாக இசையை இறக்கிக்கொள்பவனுக்கு இரண்டுமுறை எச்சரிக்கை கொடுப்பது. அதன்பின்னும் அவன் திருந்தாவிட்டால் அவனுடைய கணினியைத் தொலைவிலிருந்தே அழித்துவிடுவது. வேறு வழியில்லையாயின் அதற்குத் தாம் சம்மதம் என்ற கருத்தை அவர் ஒரு விசாரணை அமர்விலே வெளியிட்டார். அவர் தாமும் பாட்டு எழுதுபவர். ஆகவே அந்த நோவை அறிந்தவர். மறுநாள் சற்றுத் தணித்து ஓர் அறிக்கை விட்டார் என்பதையும் சொல்லவேண்டும்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. சில நாட்களுக்குள், அந்த மேற்சபை உறுப்பினருடைய சொந்த இணையத்தளத்திலேயே, ஓர் ஆங்கிலேயக் கம்பனியின் மென்பொருள் உரிய அனுமதிப்பத்திரமின்றிப் பயன்படுத்தப்பட்டிருந்தமை வெளியாயிற்று. அவர் அறிந்து செய்த காரியமன்று. தளத்தை அமைத்தவர்களின் கவனக்குறைவு. உடனே சரிசெய்யப்பட்டது. ஆயினும் எண்ணிப் பாருங்கள்: அவர் விரும்பிய ஏற்பாடு அப்போது நடைமுறையில் இருந்திருந்தால், அழிக்கத்தக்க இயந்திரங்களின் பட்டியலிலே அவருடைய அலுவலகத்து இயந்திரமும் சேர்ந்திருக்கும். 'நான் அறியாமற் செய்தேன்' என்று சொல்வதற்கு அவருக்கு ஒரு மன்று வேண்டும். தொலைவிலிருந்து அழிக்கும் மென்பொருள் ஒருவரையும் அழைத்து விசாரிப்பதில்லை.

அறிந்து செய்தானா, அறியாது செய்தானா என்பது ஒன்று. செய்தவன் இவன்தானா என்பது அதற்கும் முன்னே நிற்பது. கணினியுலகில் இந்த இரண்டாவது கேள்வி எவ்வளவு கடினமானது என்பதைக் காட்ட, மெய்யாக நடந்த ஒரு வரலாற்றைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

1986 ஆம் ஆண்டு, கலிபோர்ணியாவிலுள்ள லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்திலே கிளிபர்ட் ஸ்ரோல் என்னும் வானியலறிஞர் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு மாற்றப்பட்டார். கணினியை யார் எவ்வளவு நேரம் பயன்படுத்தினார் என்று கணக்கு வைத்துப் பணம் அறவிடும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. அந்தக் கணக்கிலே 75 சதம் இடித்தது. முக்கால் டொலர்! வேறொருவராயின் தம் சட்டைப்பையிலிருந்து போட்டுக் கணக்கை முடித்திருப்பர். ஸ்ரோல் விடவில்லை. தேடிப்போனபோது, ஆய்வுகூடத்திற்குச் சம்பந்தமில்லாத ஒருவன் உள்ளே நடமாடுகிறான் என்பது தெரிந்தது.

அவர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு வாரவிடுமுறையிலே, வீட்டுக்குப் போய்விட்ட சக ஊழியர்களின் மேசைகளிலிருந்து அச்சுப்பொறிகளையும் முனையங்களையும் 'இரவல்' வாங்கி, வெளியிலிருந்து வரும் ஐம்பது தொலைபேசி இணைப்புகளிலும் பொருத்திவைத்தார். புகுந்தவன் தட்டிய ஒவ்வோர் எழுத்தும் கடதாசியிலே பதிந்தது. அவன் அணுவாயுதம், படைத்துறை என்பன போன்ற சொற்களைத் தேடினான். ஆய்வுகூடத்தைப் படியாக வைத்துப் படைத்துறைக் கணினிகளின் கதவுகளைத் தட்டினான். முக்கியமான ஒரு கோப்பை அவன் கவர முயன்ற வேளைகளிலே, ஸ்ரோல் தம் சாவிக்கொத்தைக் கம்பியிணைப்பின்மீது ஆட்டி, இணைப்பிலே இரைச்சல் விழுந்ததுபோலச் செய்துவிடுவார். அவனும் தொலைபேசிக் கோளாறென்று எண்ணி நொந்துகொண்டு போய்விடுவான். எவ்வளவு எளிய உபாயம்! தம் வீட்டுக்குள்ளே நின்றபடி, தம் கதவையே சற்று ஆட்டியதல்லாமல் வேறொன்றும் அவர் செய்யவில்லை.

இனித்தான் நாம் கவனிக்கவேண்டிய இடம் வருகிறது. அவன் எங்கிருந்து வருகிறான் என்று தொலைபேசிக் கம்பனியின் துணையோடு தேடிப்போனபோது, வழி வேர்ஜினியா மாநிலத்திலுள்ள மைற்றர் என்னும் நிறுவனத்திலே போய் முடிந்தது. அது அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கே வேலைசெய்து கொடுக்கும் நிறுவனம். எதிர் ஊடுருவல் செய்பவர் ஒருவர் அன்று ஸ்ரோலின் இடத்தில் இருந்திருந்தால், 'கண்டுபிடித்துவிட்டேன்' என்று மகிழ்ந்து மைற்றரின் கணினிகளை முடக்கியிருப்பார். முடங்கியிருப்பது கள்வனன்று, கள்வனால் ஏமாற்றப்பட்ட மற்றொரு வீட்டுக்காரன். மைற்றரின் கணினிகளுள்ளும் அவன் கள்ளத்தனமாகவே புகுந்து, அங்கிருந்த தொலைபேசி இணைப்புகளை அவர்கள் செலவிலேயே பயன்படுத்திக்கொண்டிருந்தான்.

ஸ்ரோல் மேலும் பொறுத்தார். இல்லாத ஒரு திட்டத்தின் பெயராற் பெரிய பெரிய பொய்க் கோப்புகளை ஆக்கிவைத்து, அவற்றை வாசிக்கும் ஆசையால் அவன் நீண்டநேரம் இணைப்பிலே தங்கும்படி செய்தார். அந்த நேரத்துள் வழி கடல்கடந்து மேற்கு ஜேர்மனிக்குப் போய், அங்கே பிறேமன் பல்கலைக்கழகத்தையும் கடந்து, கடைசியாக ஹனோவர் நகரத்து வீடொன்றிலே முடிந்தது. அங்கிருந்த இளைஞனும் அவன் கூட்டாளிகளும் தாம் திருடியவற்றைச் சோவியத் உளவுத்துறைக்கு விற்றுவந்தனர். 1990 ஆம் ஆண்டிலே ஜேர்மன் நீதிமன்றம் அவர்களைக் குற்றவாளிகளென்று கண்டது. ஸ்ரோலும் அங்கே சென்று சாட்சி சொன்னார். கலிபோர்ணியாவிலிருந்து புறப்பட்ட வழியிலே இடையிடையே எத்தனை வாசல்கள் இருந்தன! ஒவ்வொரு வாசலும் அப்போதைக்கு இதுவே கள்வன் வீடென்று தோன்றத்தக்கது; ஒவ்வொன்றும் குற்றமற்ற ஒருவருடையது.

நேயர்கள் மொட்டைக் கடிதத்தை அறிவீர்கள். கடித உறையின்மேல் உள்ள தபால் முத்திரை அது எந்தத் தபாற்கந்தோரிலே போடப்பட்டது என்பதை மாத்திரமே சொல்லும். எழுதியவன் யாரென்று சொல்லாது. ஒரு தாக்குதல் வந்தபின் கணினி காட்டும் எண்முகவரியும் ஏறக்குறைய அத்தகையதே. 2016 ஆம் ஆண்டிலே 'மிராய்' என்னும் தீய மென்பொருள், உலகெங்கும் வீடுகளிலும் கடைகளிலும் மாட்டப்பட்டிருந்த கண்காணிப்புக் கமராக்களையும் இணைய இணைப்புப் பெட்டிகளையும் பல்லாயிரக் கணக்கிலே தன் வசமாக்கி, அவற்றைக்கொண்டு பெரிய தாக்குதல்களை நடத்திற்று. அவ்வாண்டு ஒக்ரோபர் மாதம் அமெரிக்காவிலே புகழ்பெற்ற இணையத்தளங்கள் பல மணிக்கணக்காக எட்டாமற் போயின. தாக்கியவை எவை? ஏதோவொரு மளிகைக்கடையின் கமரா. ஏதோவொரு கிழவியின் வீட்டு மூலையிலே மினுங்கிக்கொண்டிருந்த பெட்டி. இத்தனையையும் ஏதேனும் ஒரு வல்லரசுதான் செய்திருக்கும் என்று பேசிக்கொண்டவர்களும் உளர். மிராய் மென்பொருளை ஆக்கியவர்கள் இளைஞர் மூவர். 2017 இல் அமெரிக்க நீதிமன்றத்திலே தம் குற்றத்தை ஒப்புக்கொண்டனர்.

இவை தற்செயலாக நேரும் மயக்கங்கள். வேண்டுமென்றே பழியைப் பிறர்மேற் போடுவது இன்னொரு வகை. தமிழர்க்கு இது புதிதன்று. சிலப்பதிகாரத்திலே அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். அவனே அரசன்முன் சென்று, கள்வன் இன்னானென்று கோவலனைக் காட்டிக் கொடுக்கிறான். கோவலன் கையிலும் ஒரு சிலம்பு இருந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. அரசனுக்கு வேறு சான்று வேண்டியிருக்கவில்லை. ஒரு சிலம்பை உடைத்து உள்ளே முத்தா மாணிக்கமா என்று பார்ப்பதற்கு எடுக்கும் நேரம், ஒரு கணம். அந்த ஒரு கணத்தைக் கோவலன் உயிரோடிருந்தபோது பாண்டியன் செலவிடவில்லை. அவன் கொடியவனல்லன்; அவசரக்காரன்.

2015 ஏப்ரிலிலே பிரான்சு நாட்டின் தொலைக்காட்சி நிலையமாகிய ரீவி5 மொண்ட் தாக்கப்பட்டு, அதன் ஒளிபரப்பு நின்றது. இஸ்லாமியத் தீவிரவாதிகளின் பெயரைத் தாங்கிய ஒரு கூட்டம் உரிமை கோரிற்று. பின்னர் நடந்த புலனாய்வு, அந்தப் பெயர் வெறும் வேடம் என்றும், சுவடுகள் ரஷ்ய ஊடுருவற் குழுவொன்றைச் சுட்டுகின்றன என்றும் முடிவுசெய்தது. 2018 பெப்ரவரியிலே தென்கொரியாவில் நடந்த குளிர்கால ஒலிம்பிக் விழாவின் தொடக்க நாளன்று விழாவின் கணினிகள் தாக்கப்பட்டன. அந்தத் தீய மென்பொருளை ஆராய்ந்தவர்கள் அதிலே வடகொரியரின் கைவண்ணத்தைக் கண்டனர். அக்கைவண்ணம் வேண்டுமென்றே பூசப்பட்ட பூச்சென்பது பின்னரே தெரிந்தது. 2020 இல் அமெரிக்க அரசாங்கம் ரஷ்யப் படைத்துறை உளவாளர் அறுவர்மீது சுமத்திய குற்றச்சாட்டுகளில் இதுவும் ஒன்று. தென்கொரியர் அன்றிரவே ஆத்திரப்பட்டு வடக்கே ஓர் எதிர் ஊடுருவல் நடத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்! அந்த இரு நாடுகளுக்குமிடையே உள்ள நிலைமையில் அதனைக் கற்பனை செய்யவும் மனம் அஞ்சுகிறது.

சரி, ஆள் இவன்தான் என்பது உறுதியாகவே தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதாவது அடிக்கலாமா? அடி அவன்மேல் மாத்திரம் விழும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

2003 ஓகஸ்ட் மாதத்திலே 'பிளாஸ்ரர்' என்றொரு கணினிப் புழு பரவிற்று. புழு என்பது தன்னைத்தானே பிரதிசெய்துகொண்டு கணினிக்குக் கணினி ஊர்ந்து செல்லும் மென்பொருள். அடுத்த வாரமே 'வெல்சியா' என்று வேறொரு புழு புறப்பட்டது. இதனை ஆக்கியவன் நல்லெண்ணம் உடையவன்போலும்! அது பிளாஸ்ரர் தொற்றிய கணினிகளிலே புகுந்து, பிளாஸ்ரரைக் கொன்று, அது நுழைந்த துவாரத்தையும் அடைத்துவிட்டு, 2004 ஆம் ஆண்டு பிறந்ததும் தானும் அழிந்துபோகும்படி அமைக்கப்பட்டிருந்தது. கேட்பதற்கு மருத்துவம்போல இருக்கிறதல்லவா? நடந்தது வேறு. நோயுற்ற கணினிகளைத் தேடி அது எழுப்பிய கூச்சலாலேயே வலையமைப்புகள் திணறின. எயார் கனடா விமானக் கம்பனியின் பயணிகள் பதிவு குழம்பி விமானங்கள் தாமதித்தன. அமெரிக்கக் கடற்படையின் வலையமைப்பும் தடுமாறிற்று. நோயைவிட மருந்து கூடிய தொல்லை கொடுத்தது என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லும் நிலை வந்தது.

கண்ணகி மதுரையை எரித்தபோதும், அறவோரையும் முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடும்படி தீக்கடவுளுக்குச் சொல்லியே எரித்தாள். காப்பியத்துத் தீக்குக் காது இருந்தது. வயலோரத்திலே பன்றிக்கென்று கட்டிவைக்கும் துவக்குக்குக் காது கிடையாது. விறகு பொறுக்கப் போனவனின் காலிலே அதன் குண்டு பாய்ந்த செய்தியை நாம் எத்தனைமுறை பத்திரிகையில் வாசித்திருக்கிறோம்! இங்கிலாந்திலே 1820 களில் ஒருவர் தம் பூந்தோட்டத்திலே இத்தகைய துவக்கொன்றைக் கட்டிவைத்தார். ஓடிப்போன பெண்மயில் ஒன்றைப் பிடித்துக் கொடுப்பதற்காகச் சுவரேறிக் குதித்த பையன் காயப்பட்டான். 1828 இல் நீதிமன்றம் தோட்டக்காரரே நட்டஈடு கொடுக்கவேண்டும் என்று தீர்த்தது. பூக்களைத் திருடுவோர்மேல் அவருக்கிருந்த கோபம் நியாயமானது என்பதை அந்த நீதிபதிகளும் மறுத்திருக்கமாட்டார்கள்.

களவுப் பிரதிகளைத் தடுக்கப் புறப்பட்ட ஒரு பெரிய கம்பனியின் கதையும் இங்கே பொருந்தும். சோனி பீஎம்ஜி என்னும் இசைக் கம்பனி தன் இறுவட்டுகள் சிலவற்றிலே ஒரு மென்பொருளைச் சேர்த்து விற்றது. இறுவட்டைக் கணினியில் இட்டவுடன் அது தானாக உட்சென்று, உரிமையாளர் கண்ணுக்குத் தெரியாதபடி மறைந்திருந்து, பிரதி எடுப்பதைக் கட்டுப்படுத்தும். 2005 ஒக்ரோபர் மாதக் கடைசி நாளிலே ஒரு பொறியியலாளர் இதனைக் கண்டுபிடித்து வெளியிட்டார். அது தன்னை மறைத்துக்கொள்ளக் கையாண்ட உபாயத்தின் நிழலிலேயே வேறு தீய மென்பொருள்களும் ஒளிந்துகொள்ள முடிந்தது. சில நாட்களுள் அப்படி ஒளிந்தும் விட்டன. கம்பனி இறுவட்டுகளைத் திரும்பப் பெறவும் வழக்குகளுக்கு முகங்கொடுக்கவும் நேர்ந்தது. இதில் நான் வியப்பது ஒன்று. காசு கொடுத்து இறுவட்டை வாங்கிய யோக்கியனுடைய கணினிதான் கெட்டது. அதே பாட்டுகளை இணையத்திலே களவாக இறக்கிக்கொண்டவனுக்கு ஒரு குறையும் வரவில்லை.

இன்னும் ஒரு பக்கம் இருக்கிறது. அடித்தவன் திருப்பி அடிக்கமாட்டான் என்று யார் சொன்னது? வேண்டா விளம்பர மின்னஞ்சல்களால் அலுத்துப்போனவர்களுக்காக 'புளூ செக்கியூரிற்றி' என்னும் இஸ்ரேலியக் கம்பனி ஒரு திட்டம் வகுத்தது. ஏறக்குறைய ஐந்து இலட்சம் பேர் அதிலே சேர்ந்தனர். விளம்பர மின்னஞ்சல் ஒன்று வந்தால், 'எங்களுக்கு அனுப்பாதீர்' என்ற முறைப்பாடு அத்தனை பேர் சார்பிலும் விளம்பரக்காரனின் தளத்திலே போய்க் குவியும். இதனை ஊடுருவல் என்று சொல்ல முடியாது. ஊர்கூடி வாசலிலே நின்று சத்தமிடுவது போன்றது. விளம்பரக்காரர் சிலர் பணிந்தனர். 2006 மே மாதத்திலே ஒருவன் பணியவில்லை. அவன் எதிர்த்தாக்குதலைத் தொடங்கினான். கம்பனியின் தளம் வீழ்ந்தது. தளத்துக்கு வருவோரைக் கம்பனி, வேறொரு நிறுவனம் நடத்திய வலைப்பதிவுத் தளத்திலிருந்த தன் பக்கத்துக்குத் திருப்பிவிட்டது. தாக்குதலும் கூடவே போய், அந்நிறுவனத்தை நம்பி எழுதிவந்த இலட்சக்கணக்கானோரின் பக்கங்களும் பல மணி நேரம் எட்டாமற் போயின. இரண்டு கிழமைக்குள் கம்பனி தன் திட்டத்தையே கைவிட்டது. தான் தொடர்ந்து போராடினால் இணையத்தில் மூளும் யுத்தத்துக்குத் தானே காரணமாக நேரும் என்பது அதன் நிலைப்பாடு. அது கோழைத்தனம் என்று சொன்னாரும் உண்டு. நான் அப்படி எண்ணவில்லை. வலைப்பதிவிலே சமையற் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த ஒருவர் அந்தச் சண்டையில் எந்தக் கட்சி?

எங்கள் பாடசாலையின் தமிழ் மன்றத்திலே சென்ற தவணை இப்பொருள்பற்றி ஒரு விவாதம் நடந்தது. எதிர் ஊடுருவல் வேண்டும் என்று பேசிய உயர்தர வகுப்பு மாணவனொருவன், தலைமை வகித்த என்னைப் பார்த்து, "சேர், பொலிசுக்குப் போனால் அவர்கள் வந்து எழுதி முடிப்பதற்குள் எல்லாம் அழிந்துவிடும். கள்வன் வேறு நாட்டிலே இருந்தால் அவர்களாலும் ஒன்றும் செய்ய இயலாது. அதுவரைக்கும் நாங்கள் கையைக் கட்டிக்கொண்டிருப்பதா?" என்று கேட்டான். மண்டபம் முழுவதும் கைதட்டிற்று. நானும் உள்ளூரக் கைதட்டினேன் என்றே சொல்லவேண்டும். ஏனெனில் அந்தக் கேள்வியிலே உண்மை இருக்கிறது.

2010 ஜனவரியிலே கூகிள் கம்பனி, தன் கணினிகள் சீனாவிலிருந்து தாக்கப்பட்டதாக அறிவித்தது. அதன் பொறியியலாளர்கள் தாக்குதலின் வழியைப் பின்தொடர்ந்து தாய்வானிலிருந்த ஒரு கணினியினுள்ளே தாமும் புகுந்து பார்த்தனர் என்றும், அங்கே வேறு பல கம்பனிகளும் தாக்கப்பட்டதற்கான சான்று கிடைத்தது என்றும் அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. அவ்வாறு பார்த்திராவிட்டால் அந்தக் கம்பனிகள் தாம் களவு கொடுத்ததை அறியாமலே இருந்திருக்கலாம். யாரும் எதையும் உடைத்ததாகச் செய்தி இல்லை. எதிர் ஊடுருவலை ஆதரிப்போர் காட்டும் உதாரணங்களுள் எனக்குச் சங்கடம் தருவது இது ஒன்றுதான். பார்ப்பதற்கும் அழிப்பதற்கும் பெரிய வேற்றுமை உண்டு என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும் தாய்வானிலிருந்த அந்தக் கணினி யாருடையது? அதனுள்ளே வேறு யாருடைய கடிதங்கள் இருந்தன? கள்வனும் அதனைத் திருட்டுவழியாகவே பயன்படுத்தியிருந்தால், உரிமையாளன் இருமுறை தன் வீட்டைப் பிறருக்குத் திறந்துவிட்டவனாகிறான், தானறியாமலே.

2017 இலும் பின்னர் 2019 இலும், ரொம் கிரேவ்ஸ் என்னும் உறுப்பினர் அமெரிக்கக் காங்கிரசிலே இதற்கு ஒரு நடுவழி காண முயன்றார். தாக்கப்பட்டவன் புலனாய்வுத் துறைக்கு முன்னறிவித்தல் கொடுத்துவிட்டுத் தன் எல்லையைத் தாண்டிச் சென்று தாக்கியவன் யாரென்று அறியலாம், நடந்துகொண்டிருக்கும் தாக்குதலைக் குழப்பலாம், ஆனால் பிறர் கணினியிலுள்ள பிறருடைய தகவலை அழிக்கலாகாது என்பது அவர் மசோதாவின் சாரம். இரண்டு முறையும் அது நிறைவேறவில்லை. வரலாறு படித்தவர்களுக்கு இது பழைய கடற்கொள்ளைக் காலத்தை நினைவூட்டும். அக்காலத்து அரசர்கள் தனியார் கப்பல்களுக்கு அனுமதிப் பத்திரம் கொடுத்து எதிரியின் கப்பல்களைப் பிடிக்க விட்டனர். பத்திரம் பெற்றவன் எங்கே நிறுத்துவான், பத்திரம் இல்லாதவனுக்கும் அவனுக்கும் நடுக்கடலில் என்ன வேற்றுமை என்பது ஒருபோதும் தெளிவாகவில்லை. 1856 இல் பாரிசிலே கூடிய வல்லரசுகள் அந்த வழக்கத்தை ஒழிப்பதாகப் பிரகடனம் செய்தன. கடலிலே நூற்றாண்டுகள் பட்டுத் தெளிந்ததைக் கம்பியிலே மீண்டும் முதலிலிருந்து பட்டுத்தான் தெளியவேண்டுமா?

நம் நாட்டிலே சட்டம் என்ன சொல்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி, அதிகாரமின்றிப் பிறர் கணினியினுட் புகுதல் ஐந்து ஆண்டுவரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். 'அவன்தான் முதலிற் புகுந்தான்' என்பது அங்கே ஒரு விடையாகக் கொள்ளப்படவில்லை. அதற்கும் மிக முந்திய, 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை தற்காப்புரிமையை மதித்தே பேசுகிறது. உயிரையும் உடைமையையும் காக்க ஒருவன் எதிர்த்து நிற்கலாம் என்கிறது. ஆனால் அதிகாரிகளின் உதவியை நாடுவதற்கு நேரம் இருக்கும்போது அவ்வுரிமை இல்லை. காப்பதற்கு வேண்டிய அளவுக்கு மேலே தீங்கு செய்யவும் உரிமையில்லை என்று இரண்டு வரம்புகளை இடுகிறது. கணினியைக் கனவிலும் காணாத காலத்தவர் எழுதியது! ஸ்ரோல் சாவிக்கொத்தை ஆட்டியது அந்த வரம்புக்குள்ளே அடங்கும். மைற்றரின் கணினிகளை முடக்கியிருந்தால் அடங்காது.

நேரம் இருக்கிறதா என்பதுதான் மாணவனுடைய கேள்வியின் முடிச்சு. நேரம் இல்லாத வேளையிலே செய்யத்தக்கவை பல உண்டு. இணைப்பைத் துண்டிக்கலாம்; சுவடுகளை அழியவிடாமற் பதிந்துவைக்கலாம்; பொய்க் கோப்புகளை இரையாக வைக்கலாம்; இழந்ததை மீட்க முன்னரே வேறிடத்தில் பிரதி வைத்திருக்கலாம். இவை எல்லாம் தன் வளவுக்குள்ளே செய்யும் காரியங்கள். வளவைத் தாண்ட வேண்டுமாயின் அதற்கு வேறொருவருடைய கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்து விரைவிலே கிடைக்காதென்பது மெய்யான குறை. அந்தக் குறையை நான் மறைக்கவில்லை. எங்கள் மாணவர்களிலே ஒருசிலராவது சட்டமும் கணினியும் ஒருங்கே கற்று அந்தத் துறையிலே போய் அமரவேண்டும் என்பது அன்று விவாதத் தீர்ப்பை அறிவித்தபோது நான் சொன்னது. தீர்ப்பு எதிர் ஊடுருவலை ஆதரித்த கட்சிக்குத்தான் போயிற்று. அவர்கள் நன்றாகப் பேசினார்கள்.

விரைந்து கிடைத்த கையெழுத்துக்கும் ஓர் உதாரணம் உண்டு. 2021 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே மைக்ரோசொப்ற் கம்பனியின் மின்னஞ்சல் மென்பொருளிலிருந்த ஒரு துவாரத்தின் வழியாகக் கள்வர் உலகெங்கும் பல்லாயிரம் கணினிகளிலே புகுந்து, பின்னரும் வந்துபோவதற்கு இரகசிய வாசல்களை வைத்துவிட்டுச் சென்றனர். ஏப்ரில் மாதத்திலே அமெரிக்கப் புலனாய்வுத் துறை நீதிமன்றத்தின் ஆணையைப் பெற்று, அந்நாட்டிலே அகற்றப்படாதிருந்த நூற்றுக்கணக்கான கணினிகளினுட் சென்று, அந்த வாசல்களை மாத்திரம் அழித்தது. கணினியிலிருந்த வேறெதனையும் தொடவில்லை, துவாரத்தை அடைக்கவுமில்லை என்று அறிவித்தது. உரிமையாளர்களுக்கு முன்கூட்டிச் சொல்லப்படவில்லை. காரியம் முடிந்தபின்பே அவர்களுக்கு அறிவிக்க ஏற்பாடு செய்யப்பட்டது. எதனை அழிக்கலாம், எத்தனை நாளுக்குள் செய்யவேண்டும் என்பவற்றை ஆணை வரையறுத்திருந்தது. ஆனால், என் கணினியினுள்ளே எனக்குத் தெரியாமல் என் நன்மைக்காகவே ஒருவர் வந்துபோனார் என்று மறுநாள் ஒரு கடிதம் வந்தால், அதனைக் கையில் வைத்துக்கொண்டு நன்றி சொல்வதா, நெற்றியைச் சுருக்குவதா என்று நானும் சற்றுநேரம் யோசிப்பேன். எனினும் அக்கடிதத்தின் அடியிலே ஒரு நீதிபதியின் பெயர் இருக்கும். அவரிடம் போய்க் கேட்கலாம்.